செத்தவருக்கு நாளைக் காலை கல்யாணம்

"நான் சாகலை சார்," என்றார் தச்சர், இன்ஸ்பெக்டரின் மேஜையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு. சொல்லி முடித்ததும் விக்கினார்.

"சாகலைதான். யார் இல்லைன்னா?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா செத்துட்டீங்க."

அவர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். தச்சரின் பெயர், விலாசம், தச்சரின் மரணம் எல்லாம் அதில் இருந்தன. காரணம்: மாரடைப்பு. இடம்: குடிநீர் அலுவலகம், புகார்ப் பிரிவு, வரிசையில் நிற்கையில்.

"இதை அழிச்சிடுங்க சார்."

"அழிக்கலாம். அழிச்சா, பிணவறையில இருக்கிற ஆளுக்குப் பேர் இல்லாமப் போயிடும். பேர் கட்டம் காலியா இருந்தா இது அடுத்த பக்கத்துக்கே போகாது. வேற பேர் கொண்டாங்க, உங்க பேரை உங்களுக்கே திருப்பித் தந்துடுறேன்."

"நாளைக்குக் காலையில எனக்குக் கல்யாணம் சார்!"

"பதிவு ஆபீஸ்ல செத்தவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்க மாட்டாங்களே."

தச்சர் மறுபடி விக்கினார். அந்த விக்கலைத்தான் அண்ணி கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் யாரும் அவளைத் துப்பறிவாளர் என்று கூப்பிடுவதில்லை. கணவர் கப்பலில் வேலைக்குப் போன பிறகு வீட்டு முன்னறையிலேயே துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தாள். உதவிக்கு வந்த கொழுந்தன் அவளை அண்ணி என்று கூப்பிட, வந்தவர்கள் போனவர்கள் எல்லோருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். இன்ஸ்பெக்டருக்கும் அப்படித்தான். கொழுந்தனுக்கு ஊர் வைத்த பெயர் ரேடியோ. காரணம் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அவனுடைய இடது புருவத்தில் தையல் போட்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணியிடம் பேசுவதற்காகத் திரும்பி, ஸ்கூட்டரை ஒரு தபால் பெட்டியில் மோதியதன் பலன் அது.

"ஒரு சந்தேகம் சார்," என்றான் ரேடியோ. "இவரு செத்துட்டாருன்னா, எங்களுக்கு ஃபீஸ் யாரு தருவா?"

"சும்மா இருடா," என்றாள் அண்ணி. "சார், அந்த ஆள் இவர்தான்னு யார் சொன்னது?"

"அவர் கையில இவரோட குடிநீர்ப் புகார் இருந்துச்சு. கவுண்டர் கிளார்க்கும் அடிச்சுச் சொன்னாரு, 'மாசா மாசம் வர்றவராச்சே, எனக்குத் தெரியாதா?'ன்னு. சரின்னு ஏத்திட்டேன். மறுநாள் செத்தவரே நேர்ல வந்து நின்னாரு. அப்புறம் போட்டோவை எடுத்துட்டு மத்த ஆபீஸுக்கெல்லாம் போனேன். மின்சார ஆபீஸ்ல இவரு டெய்லராம். தபால் ஆபீஸ்ல மூக்குக் கண்ணாடிக் கடைக்காரராம்."

"அவங்க?"

"ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. இந்த மூஞ்சியை ஜென்மத்துல பாத்ததில்லைன்னு சத்தியம் பண்றாங்க." இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு மனுஷன், மூணு பேரு. உளவாளின்னு நினைக்கிறேன்."

"குடிநீர்ப் புகார்ப் பிரிவுல உளவு பாத்து என்ன சார் கிடைக்கும்?" என்றான் ரேடியோ. "அங்க தண்ணியே கிடைக்காது."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு மேலிடத்துக்கு அனுப்பிடணும். அதுக்கப்புறம் திருத்தம்னா கோர்ட்டுக்குத்தான் போகணும். வருஷக்கணக்காகும்."

தச்சர் அண்ணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எப்படியாவது அந்த ஆளோட பேரைக் கண்டுபிடிங்கம்மா. பேர் மட்டும் போதும். மத்ததெல்லாம் வேண்டாம்." விக்கல்.

மத்ததெல்லாம் என்றால் எதெல்லாம் என்று அண்ணிக்குத் தோன்றியது. ஆனால் தனக்குத் தோன்றுவதையெல்லாம் அவள் உடனே நம்பிவிடுவதில்லை. போன வழக்கில் திருடன் மொட்டைமாடி வழியாகத்தான் வந்தான் என்று உறுதியாகச் சொன்னாள். கடைசியில் வந்தது பூனை.

*

பிணவறை அரசு மருத்துவமனையின் பின்பக்கம் இருந்தது. தச்சர் உள்ளே வர மறுத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"உள்ள போனா வெளிய விடமாட்டாங்களோன்னு பயப்படுறாரு," என்றான் ரேடியோ. "ரெக்கார்டுபடி அவர் இருக்க வேண்டிய இடம் இதுதானே."

பிணவறைக்காரர் ஒரு பையைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தார். ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு ஜோடி செருப்பு, நான்காக மடித்த பழைய செய்தித்தாள். அவ்வளவுதான் ஒரு மனிதனுடைய சொத்து.

"எப்படி இறந்தாராம்?" என்று கேட்டாள் அண்ணி.

"நின்னுக்கிட்டே," என்றார் பிணவறைக்காரர். "தூண்ல சாஞ்சு நின்ன மேனிக்குப் போயிட்டாரு. பின்னால நின்னவங்க வரிசை நகரலையேன்னு கவுண்டரைத் திட்டியிருக்காங்க. கவுண்டர்ல இருந்தவரு, யாரும் வரலையேன்னு டீ குடிக்கப் போயிட்டாரு. கடைசியில பெருக்க வந்த அம்மாதான், இவரு காலைத் தூக்கலையேன்னு பாத்திருக்கு."

அண்ணி முதலில் செருப்பை எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். மேஜைமேல் வைத்தாள். மறுபடி எடுத்துப் புரட்டினாள்.

"நடக்கிறவங்களுக்குக் குதிகால் பக்கம்தான் தேயும். இவருக்குக் குதிகால் புதுசா இருக்கு. முன்பக்கம் மட்டும் அப்பளம் மாதிரி தேஞ்சிருக்கு." உடனே சந்தேகமும் வந்துவிட்டது. "ஒருவேளை மாடிப்படி நிறைய ஏறுறவரா இருப்பாரோ?"

"ஏறினா இறங்கணுமே அண்ணி. இவரு ஏறி ஏறி எங்க போனாரு?"

அண்ணி செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு, மேஜையில் கொஞ்சம் முன்னால் இழுத்தாள். நிறுத்தினாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். நிறுத்தினாள்.

"வரிசை," என்றாள்.

ரேடியோ செருப்பைப் பார்த்தான். "அட."

"சட்டையோட இடது தோள்ல பாரு, சுண்ணாம்பு. துவைச்சும் போகலை. சுவர்ல சாஞ்சு சாஞ்சு ஏறினது. இந்த செய்தித்தாள் படிக்க இல்லை; உக்கார்ற அளவுக்கு மடிச்சது. இவருக்கு வேலையே வரிசையில நிக்கிறதுதான். தனக்காக இல்லை, மத்தவங்களுக்காக. கவுண்டர்ல இருக்கிறவங்க முகத்தைப் பாக்கிறதில்லை. நீட்டின காகிதத்துல என்ன பேரோ, நீட்டினவருக்கும் அதே பேர். தச்சர், டெய்லர், கண்ணாடிக்காரர் மூணு பேரும் இவர்தான்."

"அப்ப ஏன் மூணு பேரும் தெரியாதுங்கிறாங்க?"

"எல்லா கவுண்டர்லயும் ஒரு போர்டு மாட்டியிருக்குமே, என்ன எழுதியிருக்கும்?"

"'கவுண்டர் மூடப்பட்டது.'"

"அதுக்குக் கீழ."

"'மனுதாரர் நேரில் வர வேண்டும்.'" ரேடியோ தலையில் தட்டிக்கொண்டான். "ஆள்மாறாட்டம்! வாயைத் திறந்தா உள்ள போகணும்."

அண்ணி சட்டையை விரித்தாள். நல்ல துணி. கைகள் அளவுக்கு மீறி நீளம். இரண்டு மடிப்பு மடித்திருந்தார். சட்டைப் பைக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒடுக்கமாக இன்னொரு பை. ரேடியோ தன் பேனாவை நுழைத்துப் பார்த்தான், நுழையவில்லை.

"பேனாவுக்கு இல்லை," என்றாள் அண்ணி. "மரத்துல கோடு போடுற தட்டைப் பென்சிலுக்கு. இது தச்சரோட சட்டை."

"புகார் குடுக்கிறதுக்கு எதுக்கு அண்ணி சட்டை மாத்தணும்?"

"அதான் எனக்கும் புரியலை."

அப்போதுதான் மூன்றாவது பொத்தான் அவள் கண்ணில் பட்டது. மற்றவையெல்லாம் வெள்ளை நூலில் இருக்க, அது மட்டும் கறுப்பு நூல். மேலே இறுக்கமான ஒரு முடிச்சு. அதிலிருந்து பூச்சியின் மீசைபோல் இரண்டு சின்ன நுனிகள், கத்தரித்து ஒரே அளவில். இதை எங்கோ பார்த்திருக்கிறாள். இன்று காலையில்கூட. காப்பி குடிக்கையில்...

"டேய், இங்க வா. குனி."

"எதுக்கு?"

"உன் புருவத்தைக் காட்டு."

ஒரு கையில் பொத்தானும் மறு கையில் கொழுந்தனின் தலையுமாக அண்ணி மாறி மாறிப் பார்த்தாள். அதே கறுப்பு நூல். அதே முடிச்சு. அதே மீசை.

"இந்தத் தையல் யார் போட்டது?"

"எனக்கெப்படி அண்ணி தெரியும்? ஊசியைப் பாத்ததும் மயங்கிட்டேனே." ரேடியோ நிமிர்ந்தான். "ஆனா போட்ட இடம் தெரியும். இதே ஆஸ்பத்திரி, முன்பக்கம்."

அண்ணி பிணவறைக்காரரிடம் கேட்டு, சட்டையை அதே பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். தச்சருக்கு நிச்சயமாகியிருக்கும் பெண் இதே மருத்துவமனையில் நர்ஸ் என்று அவர் வரும் வழியில் சொல்லியிருந்தார்.

*

பெஞ்சில் தச்சர் எழுந்து நின்றார். "பேர் கிடைச்சுதாம்மா?"

"உங்க சட்டை கிடைச்சுது," என்றாள் அண்ணி.

தச்சர் உட்கார்ந்தார். வரிசையாக நாலைந்து விக்கல் வந்தது.

"உங்களுக்குப் பதிலா அவரை எங்க அனுப்பினீங்க? தண்ணி ஆபீஸுக்கு நல்ல சட்டை வேண்டியதில்லை."

"சொன்னா சிரிப்பீங்க."

"நான் சிரிக்க மாட்டேன். இவன் சிரிப்பான். பரவாயில்லை, சொல்லுங்க."

தச்சர் தரையைப் பார்த்துச் சொன்னார். "பொண்ணு பாக்க."

ரேடியோ சிரிக்கவில்லை. வாய் திறந்தபடி நின்றது.

"எனக்குப் புது ஆளுங்களைப் பாத்தா விக்கல் வரும்மா. பொம்பளைங்கன்னா நிக்கவே நிக்காது. இதனாலேயே நாலு இடம் தட்டிப்போச்சு. இந்த இடத்தைத் தரகர் கொண்டுவந்தப்ப, காபிக் கடையில சந்திச்சுப் பேசுங்கன்னாரு. வரிசைக்காரர்கிட்ட கெஞ்சினேன். 'எனக்குப் பதிலா எங்கெல்லாமோ நின்னிருக்கீங்க, இங்க ஒரு மணி நேரம் உக்காருங்க, போதும்'னேன். போயிட்டு வந்து, நல்ல பொண்ணுன்னாரு. அந்தப் பக்கமும் சரின்னுட்டாங்க. அன்னியிலேருந்து தினமும் போன்ல பேசுறோம். போன்ல எனக்கு விக்கல் வராது. அப்படி ஒரு பொண்ணுகிட்ட நான் இதுவரைக்கும் பேசினதே இல்லைம்மா."

"நாளைக்குக் கல்யாணத்துல உங்க முகத்தைப் பாத்து அந்தப் பொண்ணு என்ன சொல்லும்?" என்று கேட்டாள் அண்ணி.

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

"யோசிச்சு?"

"அவர் இருந்த வரைக்கும், கல்யாணத்துக்கும் அவரையே அனுப்பிடலாமான்னுகூட..."

"குழந்தை பொறக்கிற வரைக்கும் அவரே வரிசையில நிக்கட்டும்னு விட்டிருப்பீங்க," என்றான் ரேடியோ.

"டேய்!" அண்ணி தச்சரிடம் திரும்பினாள். "அவர் பேரு?"

தச்சரின் முகம் சுருங்கிப்போனது. "வரிசைக்காரருன்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். தினமும் தபால் ஆபீஸ் வாசல்ல நிப்பாரு. என் பேரை அவர் கேட்டாரு. எழுத்துப் பிழை வந்துடக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாரு. அவர் பேரை நான் கேக்கலைம்மா. ஒரு தடவைகூடக் கேக்கலை."

இந்த இடத்தில் விக்கல் வரவில்லை.

*

பிரசவ வார்டு வாசலில் மணப்பெண் வந்து நின்றாள். கையில் ஒரு கட்டுத் துணி. அண்ணி வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்: இவள் அவரைப் பார்த்திருக்கிறாள், பொத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறாள், அதனால் அவர் பெயரும் தெரிந்திருக்கலாம். ஒருவேளை ஆள் மாறியதைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். அந்தச் சண்டையில் அவருக்கு நெஞ்சு... அதற்குமேல் நினைக்க அண்ணிக்குப் பிடிக்கவில்லை.

தச்சரைப் படிக்கட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டு, இன்ஸ்பெக்டரிடம் வாங்கி வந்த புகைப்படத்தை நீட்டினாள்.

"இவரைத் தெரியுதா?"

நர்ஸ் பார்த்தாள். "தெரியலையே. யாரு?"

"நல்லாப் பாருங்க. காபிக் கடையில உங்ககூட உக்காந்து பேசினவர். நாளைக்கு நீங்க கட்டிக்கப் போறவர்."

நர்ஸ் மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்தினாள், துணிக்கட்டு கீழே விழுந்தது, சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி," என்றான் ரேடியோ காதோரம், "இது கொலைகாரச் சிரிப்பா, சும்மாச் சிரிப்பா?"

"மன்னிச்சிடுங்க," என்றாள் நர்ஸ் திணறியபடி. "பயம் வந்தா எனக்கு இப்படித்தான். அடக்க முடியாது. பாக்க வந்தவங்க எல்லாம் இதைப் பாத்துட்டுத்தான் எழுந்து போனாங்க. அதனால..." மறுபடி ஒரு சிரிப்பு. "அன்னிக்கு நான் போகலை. என் சிநேகிதியை அனுப்பினேன்."

அண்ணிக்குத் தலை ஒரு சுற்று சுற்றியது. தன் ஊகம் தப்பாகப் போனதில் அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ரேடியோ விரல் மடக்கிச் சொல்லிப் பார்த்தான். "இவருக்குப் பதிலா அவரு போயிருக்காரு. இவங்களுக்குப் பதிலா அவங்க போயிருக்காங்க. ரெண்டு பேரும் பாத்து, ரெண்டு பேருக்கும் பிடிச்சு, வேற ரெண்டு பேருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு!"

படிக்கட்டின் கீழிருந்து குரல் கேட்டது. "அம்மா, நான் மேல வரலாமா?"

நர்ஸின் சிரிப்பு சட்டென்று நின்றது. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். இரவு இரவாகத் தெரியும்.

"நீங்களா?" என்றாள்.

தச்சர் படியேறி வந்தார். அவளைப் பார்த்தார். பலமாக விக்கினார். அவள் சிரித்தாள். அவர் விக்கினார். அவள் சிரித்தாள். வார்டுக்குள் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

"பொருத்தம் பிரமாதம்," என்றான் ரேடியோ.

அண்ணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

"அன்னிக்கு உங்களுக்குப் பதிலாப் போன சிநேகிதி யாரு?"

"கீழ அவசர சிகிச்சைப் பிரிவுல இருக்கா. காயத்துக்குத் தையல் போடுறவ. தையல் சிஸ்டர்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க."

*

தையல் சிஸ்டர் முகம் கழுவும் தொட்டியில் கத்தரிக்கோலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கிய, ஒல்லியான பெண். ரேடியோவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமைதானே பிரிக்க வரச் சொன்னேன்? இதுக்குள்ள என்ன அவசரம்?"

ரேடியோ புருவத்தைக் கையால் பொத்திக்கொண்டான்.

அண்ணி பிணவறைப் பையிலிருந்து சட்டையை எடுத்து, பொத்தான் தெரியும்படி மடித்துக் காட்டினாள். சிஸ்டர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"பேச்சுவாக்குல இதைத் திருகித் திருகி அறுத்துட்டாரு," என்றாள். "கைப்பையில ஆஸ்பத்திரி நூல்தான் இருந்துச்சு. அங்கேயே தச்சுக் குடுத்தேன். 'பொத்தானுக்கு எத்தனை நாள் கழிச்சுத் தையல் பிரிக்கணும்?'னு கேட்டாரு." சிரித்தாள். "இது எப்படி உங்ககிட்ட? சட்டையைத் திருப்பிக் குடுத்துட்டாரா? சட்டைக்குச் சொந்தக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுக்க மனசு வரலைன்னாரே."

"அப்ப, அது அவர் சட்டை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்?"

"கை இவ்வளவு நீளமா இருந்தாத் தெரியாதா? 'நீங்க மாப்பிள்ளை இல்லைதானே?'ன்னேன். 'நீங்க மட்டும் பொண்ணா?'ன்னாரு. காபி ஆறிப்போச்சு, ரெண்டு பேரும் அவ்வளவு சிரிச்சோம். அப்புறம், வந்த வேலையை முடிச்சிடுவோம்னு அவங்க ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லிட்டோம். அதுக்கப்புறம் நாங்க எங்களுக்காகச் சந்திச்சோம்."

அண்ணி சட்டையை மடித்தாள். "அவர் பேரு உங்களுக்குத் தெரியுமா?"

"இது என்ன கேள்வி? முதல்ல கேட்டதே அதைத்தான். சொல்லத் தெரியாம முழிச்சாரு. யாரும் கேட்டே ரொம்ப நாளாச்சாம்." சிஸ்டர் அந்தப் பெயரைச் சொன்னாள். அவருடைய அக்கா இருக்கும் ஊரையும் சொன்னாள். பிறகு சட்டையைப் பார்த்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். பிணவறையிலிருந்து துணிகள் எப்படிப்பட்ட பையில் வரும் என்று மருத்துவமனையில் வேலை செய்கிறவளுக்குத் தெரியாதா? அந்தப் பை அண்ணியின் மறுகையில் இருந்தது.

"நேத்து வர்றேன்னு சொல்லியிருந்தாரு," என்றாள் மெல்ல. "வரலை. வரிசை நீளம் போலன்னு நினைச்சேன்."

*

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் இன்ஸ்பெக்டர் அந்த ஊருக்குப் போன் செய்தார். மறுமுனையில் அக்கா, இடது காதுக்குப் பின்னால் உள்ள தழும்பைச் சொல்லிவிட்டு அழுதாள். இன்ஸ்பெக்டர் பழைய பெயரை அழித்துவிட்டுப் புதிய பெயரைத் தட்டினார். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது. அந்தப் பெயர் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. இங்கே அதை எழுதவில்லை. கேட்டவளுக்கு அவர் சொன்ன பெயர் அது.

"ஆள்மாறாட்டக் கேஸ்?" என்று கேட்டாள் அண்ணி.

"செத்தவர் மேல போட முடியாது. மத்தவங்க மேல போட்டா, ஊர்ல பாதிப் பேர் என் ஸ்டேஷன்ல வரிசை கட்டுவாங்க. எனக்கு எதுக்கு வம்பு?"

அவர்கள் பிணவறைக்குத் திரும்பியபோது வாசலில் நல்ல கூட்டம். அக்கா காலை ரயிலில்தான் வந்துசேர்வாள். அதற்குள் செய்தி எப்படியோ பரவியிருந்தது. அறை சிறியது, ஒவ்வொருவராக வாருங்கள் என்று பிணவறைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் வரிசை.

முன்னால் தச்சர், மீண்டும் உயிரோடு, பக்கத்தில் மணப்பெண். அவர்களுக்குப் பின்னால் ஜென்மத்தில் இந்த முகத்தைப் பார்த்திராத டெய்லர். அதே ஜென்மத்தில் பார்த்திராத மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். அவருக்குப் பின்னால் யார் யாரோ. பல பேருக்கு வரிசையில் நிற்கவே தெரியவில்லை. காலை மாற்றி வைத்தார்கள். எங்கே சாய்வது என்று தேடினார்கள். குடிநீர் அலுவலக கிளார்க்கும் வந்து நின்றார், கவுண்டருக்கு இந்தப் பக்கமாக.

தையல் சிஸ்டர் வந்ததும் தச்சர் பதறி ஒதுங்கினார். "நீங்க முன்னால போங்கம்மா." டெய்லரும் ஒதுங்கினார். வரிசை முழுவதும் வழிவிட்டது.

சிஸ்டர் தலையாட்டி மறுத்தாள்.

"வேண்டாங்க. நடுவுல புகுந்தா அவருக்குப் பிடிக்காது."

வரிசையின் ஓரமாகவே நடந்து கடைசிக்குப் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் அண்ணி நின்றாள். அண்ணிக்குப் பின்னால் ரேடியோ, சத்தமில்லாமல். முன்னால் யாரோ உள்ளே போனார்கள். எல்லோரும் கொஞ்சம் நகர்ந்தார்கள், குதிகாலை ஊன்றாமல், செருப்பின் முன்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு.